கொக்கியில் உட்காரும் எடை

நார்த் பிளாட், நெப்ராஸ்கா
மார்ச் 3, 1997

அன்புள்ள அண்ணா,

நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவன் கோடிக்குச் சளி குறைந்துவிட்டது. ஆனாலும் அவன் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். குறைமாதத்தில் பிறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மைல்ஸ் சிட்டியில் பனி விட்டதா?

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உன் குவாரி போனில் கேட்டால் ஜல்லி லாரிக்காரர்கள் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ரஸ்ஸல் அக்டோபரிலிருந்து வயோமிங்கில், ராக் ஸ்பிரிங்ஸில், குழாய் வெல்டிங் வேலையில் இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். போன தடவை அவன் தூக்கியதும் கோடி வீறிட்டு அழுதான். மகள் ஜூனி, அவன் வந்த அன்றைக்கே, "அப்பா, நீ எப்பக் கெளம்புவ?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். பிறகு கராஜுக்குப் போய் ரொம்ப நேரம் எதையோ தேடினான்.

அதனால் ஒரு டிரெய்லர் வீடு வாங்கி எல்லோருமாக அவனோடேயே போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கேர்னியில் ஒரு கடையில் பார்த்தேன். முப்பதடி நீளம். பின்பக்கம் கதவு போட்ட தனி அறை, அதில் இரண்டு அடுக்குக் கட்டில். கதவு, அண்ணா! ஜூனி விளையாடினாலும் கோடி தூங்குவான். இருபத்திரண்டடியில் ஒன்று இருக்கிறது, அதில் படுக்கை, அடுப்பு எல்லாம் ஒரே கூடம்.

கடைக்காரர், "உங்க பிக்கப் ஏழாயிரத்து ஐநூறு பவுண்டு இழுக்கும் மேடம். இது காலியா அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம்தான். பொம்மை மாதிரி பின்னாலயே வரும்" என்கிறார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள் பூராவும் லாரிகளை எடை போடுகிறவன் நீ. நீ ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

உன் அன்புத் தங்கை,
லொரீன்

மைல்ஸ் சிட்டி, மான்டானா
மார்ச் 14

என் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் பிரிவதாக இல்லை. பனி இங்கே ஏப்ரல் வரை வாடகைக்கு இருக்கும்.

கடைக்காரன் பேச்சைத் தூக்கி அடுப்பில் போடு. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. டிரெய்லர் உன் பின்னால் உருண்டு மட்டும் வராது, அதன் மூக்குப் பாரம் பிக்கப்பின் பின்னால் இருக்கும் கொக்கியில் வந்து உட்காரும். அது பிக்கப்பின் முதுகுக்கு. ஆட்கள், பெட்டி, நாற்காலி எல்லாம் அதே முதுகுக்குத்தான். விளம்பரத்தாளில் எத்தனை இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போடுவான், எத்தனை சுமக்கும் என்று எவனும் போடுவதில்லை. என் எடைமேடைக்கு வருகிற பத்தில் ஏழு டிரெய்லர்காரன் இதில்தான் ஏமாந்து வருகிறான். "நல்லாத்தானே இழுக்குது" என்பான். இழுக்கும். இறக்கத்திலும் காற்றிலும்தான் தெரியும்.

நீ செய்ய வேண்டியது: ஓட்டுநர் கதவைத் திற. நிலைப்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், வண்டி மொத்தமாக எவ்வளவு கனக்கலாம் என்று. அந்த எண்ணை எழுதிக்கொள். டாங்கை நிரப்பி, ஆள் ஏறாமல், தானியக் கிடங்கு எடைமேடையில் வண்டியை நிறுத்தி எடை போடு. இரண்டையும் எனக்கு அனுப்பு. சாமானோடு டிரெய்லர் எவ்வளவு வரும் என்பதையும் எழுது. காலி எடை வேண்டாம், காலி டிரெய்லரில் யாரும் குடியிருப்பதில்லை.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். அவனிடம் கடன் வாங்கிய தூண்டில் என்னிடமே இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை என்றும் சொல்.

டெல்மர்

நார்த் பிளாட்
மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். ஜூனிக்கு ஒரு பல் ஆடுகிறது, நாலு வயதில் ஆடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன், விழுந்து அடிபட்டிருக்கும் என்றார். எப்போது விழுந்தாள் என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நீ சொன்னபடி செய்தேன். கிடங்கில் இருந்த பெரியவர், "என்னம்மா, பிக்கப்ப விக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தார். ஸ்டிக்கரில் 6,200. எடைமேடையில் 4,880. டிரெய்லர் தண்ணீர், காஸ், சாமானோடு ஏழாயிரம் வரும் என்று கடைக்காரர் இப்போது ஒப்புக்கொள்கிறார். ரஸ்ஸல் பஸ்ஸில்தான் போய் வருகிறான், பிக்கப்பும் அவன் சொந்தக் கருவிப் பெட்டியும் இங்கேதான்; பெட்டியை எப்போதும் பிக்கப்பின் பின்தொட்டியில்தான் வைப்பான், அது 280. அவன் 205, நான் 140 (உண்மையைச் சொல்கிறேன்), பிள்ளைகள் நாற்காலிகளோடு 80.

டிரெய்லருக்கு முன்பணம் கட்டிவிட்டோம். சீக்கிரம் எழுது. ரஸ்ஸல் போனில் கோடியிடம் பேசுகிறான், இவன் ரிசீவரை நக்குகிறான்.

லொரீன்

மைல்ஸ் சிட்டி
ஏப்ரல் 9

லொரீனுக்கு,

சுகமா? நான் சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

6,200-இல் 4,880 போனால் 1,320. உன் பிக்கப் முதுகில் ஏற்றலாம் என்பது அவ்வளவுதான். இப்போது ஏற்றுவது: கொக்கியில் உட்காரும் எடை, ஏழாயிரத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று, 900 என்று வை. கொக்கி இரும்பு 90. நீங்கள் நாலு பேர் 425. பெட்டி 280. கூட்டினால் 1,695. முந்நூற்று எழுபத்தைந்து அதிகம்.

நம் சொந்தம் என்பதற்காக நான் ஐந்து பவுண்டுகூடத் தள்ளுபடி செய்ய மாட்டேன். பின் ஸ்பிரிங்குக்குக் காற்றுப் பை வைத்தால் வால் நிமிரும் என்று எவனாவது சொல்வான். வால் நிமிரும், பாரம் குறையாது. ஸ்டிக்கர் எண்ணும் மாறாது.

வழி இரண்டு. சின்ன டிரெய்லர். இல்லையென்றால் ஒரு வருஷம் பொறுத்துப் பெரிய பிக்கப். நீங்கள் போகிற ரோடு எனக்குத் தெரியும். எல்க் மவுன்டன் பக்கம் காற்று காலி லாரியையே படுக்க வைக்கும்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடு. வாயால் சொல்லாதே, அவன் கையில் கொடு. எண்ணைப் பார்த்தால் அவன் கேட்பான். அவன் அப்படிப்பட்டவன்தான், அதனால்தான் உன்னை அவனுக்குக் கொடுத்தோம்.

பிள்ளைகளுக்கு முத்தம்.

டெல்மர்

நார்த் பிளாட்
மே 13

அன்புள்ள அண்ணா,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டைக் காலி செய்கிற வேலை. அதோடு கோடிக்குக் காதில் சீழ். இப்போது எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

ரஸ்ஸல் உன் கடிதத்தைப் படித்தான். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும், மெதுவாப் போறேன்" என்றான். பெரிய டிரெய்லரையே எடுத்துவிட்டோம். நீ கவலைப்படாதே. எதை எங்கே வைப்பது என்று யோசித்து அடுக்கி, இன்று மறுபடி எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். பிக்கப்பின் எடை, எல்லோரும் ஏறி, டிரெய்லரையும் மாட்டிய பிறகு, ஸ்டிக்கர் எண்ணுக்கு உள்ளேயே வருகிறது. சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், பார். 5,800.

இருபதாம் தேதி கிளம்புகிறோம். ஜூனி மேல்கட்டில் தனக்குத்தான் என்று தன் பெயரைக் கிரேயானால் எழுதிவிட்டாள்.

லொரீன்

மைல்ஸ் சிட்டி
மே 17

லொரீன்,

நலம். இதை எழுதும்போது லாரி ஒன்று மேடையில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான், அடிக்கட்டும்.

5,800 எப்படி வந்தது? அதே டிரெய்லர், அதே ஆட்கள், நாற்பது நாளில் எப்படி எண்ணூறு பவுண்டு குறைந்தது? பெட்டியை எங்கே வைத்தீர்கள்? மாப்பிள்ளை கனமானதை எல்லாம் டிரெய்லரின் பின்னறைக்குத் தள்ளியிருந்தால் எண் குறையும். கொக்கி இலேசாகும். ஆனால் அப்புறம் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்ட ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் நிற்காது. பாரம் அதிகமாக இருப்பதைவிட அது மோசம். முன்பே எழுதியிருக்க வேண்டும், யாரும் இப்படிச் செய்வார்கள் என்று தோன்றவில்லை.

அப்படிச் செய்திருந்தால் கிளம்ப வேண்டாம். கிடைத்ததும் குவாரிக்குப் போன் செய். எவன் கேட்டாலும் கேட்கட்டும்.

டெல்மர்

ராலின்ஸ், வயோமிங்
ஜூன் 8

அன்புள்ள அண்ணா,

குவாரிக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன், உன்னிடம் சொன்னார்களா தெரியவில்லை. பிள்ளைகள் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இருவருக்கும் கீறல்கூட இல்லை.

எல்க் மவுன்டன் தாண்டும்போது. ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்தது, பக்கவாட்டில் காற்று அடித்தது. டிரெய்லர் இந்தப் பக்கம் ஒருதடவை போனது, அந்தப் பக்கம் ஒருதடவை. ரஸ்ஸல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, புடிச்சுக்கோ" என்றான். மூன்றாவது தடவை அது எங்களைத் தூக்கிச் சுழற்றியது. டிரெய்லர் உருண்டது, பிக்கப் பக்கவாட்டில் சாய்ந்து சறுக்கியது. ரஸ்ஸலின் வலது கை உடைந்த முன்கண்ணாடி வழியாக வெளியே போய்விட்டது. இரண்டு அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. கட்டைவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. வெல்டிங்குக்கு அந்த இரண்டும்தான் வேண்டும்.

மோட்டலில் இருக்கிறோம். ஜூனி அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை, தலையை ஆட்டுகிறாள். ரஸ்ஸல் கண்ணைத் திறந்ததும், "என்ன மன்னிச்சிரு லொரீன், ஒங்க மூணு பேரையும் கொல்லப் பாத்துட்டேன்" என்றான். பரவாயில்லை என்றேன்.

எனக்கு எழுது.

லொரீன்

மைல்ஸ் சிட்டி
ஜூன் 20

லொரீனுக்கு,

பிள்ளைகள் பிழைத்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி. ஜூனி பேசுவாள், அவசரப்படுத்தாதே. மருத்துவமனைச் செலவுக்குக் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

ரஸ்ஸலைப் பற்றி எழுத எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. தெரியாமல் செய்தவனைத் திட்டலாம், பிறகு தோளில் தட்டலாம். இவன் படித்துவிட்டுச் செய்திருக்கிறான். நான் எண்ணைக் கொடுத்தேன், அதைப் பார்த்துவிட்டுச் சாமானைப் பின்னால் தள்ளி எண்ணை ஏமாற்றினான். என் தங்கையையும் இரண்டு குழந்தைகளையும் உட்கார வைத்துக்கொண்டு. கை போனது வருத்தம்தான். ஆனால் அவனுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

மே மாதக் கடிதம் கிடைத்ததா? எழுது.

டெல்மர்

நார்த் பிளாட்
ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணா,

நலமா? நாங்கள் ரஸ்ஸலின் அக்கா வீட்டின் அடித்தளத்தில் இருக்கிறோம். கோடி நிற்கிறான். ஜூனி இப்போது பேசுகிறாள், ஆனால் காரில் ஏற மாட்டேன் என்கிறாள், தேவாலயத்துக்கு நடந்தே போகிறோம்.

உன் பணத்துக்கு நன்றி. ஒரு உதவி கேட்கிறேன். ரஸ்ஸலுக்கு இரண்டு வரி எழுது. தினமும் தபால்காரர் வந்ததும் இவன்தான் மேலே போய் எடுத்து வருகிறான். "மச்சான்கிட்டேருந்து எனக்கு ஏதும் இல்லையா?" என்கிறான். பிறகு, "கோபமாத்தான் இருப்பாரு. இருக்கட்டும், நியாயம்தானே" என்று அவனே சொல்லிக்கொள்கிறான். நீ தூண்டிலைத் திருப்பிக் கொடுக்காததைச் சொல்லி முன்பெல்லாம் அவ்வளவு சிரிப்பான். இடது கையால் கோடிக்கு ஊட்டப் பழகுகிறான், பாதி தரையில்.

தினமும் ஏதாவது ஒரு சாக்கில் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஸ்பூன் விழுந்தால்கூட. "பெட்டி பின்னறையில இருக்குன்னு நீ சொன்னப்பவே நான் பின் கதவத் தெறந்து பாத்திருக்கணும்" என்கிறான்.

அவ்வளவு கோபம் வேண்டாம், அண்ணா.

லொரீன்

மைல்ஸ் சிட்டி
செப்டம்பர் 2

லொரீனுக்கு,

நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எடை போடுகிறவனுக்கு எண் இடித்தால் தூக்கம் வராது.

"பெட்டி பின்னறையில் இருக்கிறது என்று நீ சொன்னபோது" என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவன் வைக்கவில்லை. அவனுக்கு அது சேதியாக வந்திருக்கிறது. என் ஏப்ரல் கடிதத்தை உண்மையாகவே படித்தவன், மூக்குப் பாரம் எங்கே போனது என்று உன்னைக் கேட்காமல் கிளம்பியிருப்பானா? நான் அறிந்த ரஸ்ஸல் கேட்டிருப்பான்.

மே மாதக் கடிதம் கிடைத்ததா என்று ஜூனில் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை.

சாமானை அடுக்கியது யார்?

டெல்மர்

நார்த் பிளாட்
அக்டோபர் 26

அன்புள்ள அண்ணா,

பிள்ளைகள் நலம். ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நான்தான் அடுக்கினேன். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலைதான் ரஸ்ஸல் ராக் ஸ்பிரிங்ஸிலிருந்து வந்தான். உன் ஏப்ரல் கடிதத்தை நான் அவனிடம் கொடுக்கவே இல்லை. சமையல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அவன் சொன்னதாக உனக்கு எழுதிய வார்த்தைகள் நானே உண்டாக்கியவை. கொடுத்திருந்தால் அவன் கேட்டிருப்பான் என்று நீ எழுதினாயே, அதனால்தான் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு வருஷம். இன்னொரு குளிர்காலம் கோடி அவனைப் பார்த்து அழுதிருப்பான். எனக்கு அந்தக் கதவு வேண்டியிருந்தது, எல்லோரும் ஒன்றாக இருப்பது வேண்டியிருந்தது.

பயமில்லாமல் இல்லை. உன் கூட்டலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்தேன் தெரியுமா? கொக்கியில் 900 உட்கார்ந்தால்தானே கணக்கு உதைக்கிறது, அதைக் குறைக்கலாமே என்று தோன்றியது. கல்லூரியில் படித்த நெம்புகோல் கணக்கைப் போட்டேன். டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கிற ஒவ்வொரு பவுண்டும் மூக்கைத் தூக்கும். கருவிப் பெட்டி, தையல் மெஷின், பீன்ஸ் டின்கள், என் புத்தகங்கள் எல்லாம் பிள்ளைகள் அறைக்குப் போயின. 5,800 என்ற சீட்டைப் பார்த்தபோது கிடங்குப் பெரியவருக்குக் கை கொடுத்தேன், அண்ணா. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம்" என்று உனக்கு எழுதினேன். "தோம்" இல்லை. ரஸ்ஸலின் அக்காவையும் அவள் கணவரையும் ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன்.

உன் மே கடிதம் ஜூலையில் வந்தது, பழைய விலாசத்திலிருந்து இங்கே மாற்றி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கிளம்பிய மறுநாள்தான் நார்த் பிளாட்டுக்கு வந்து சேர்ந்ததாக முத்திரை. அதற்குப் பிறகும் மூன்று மாதம் நான் பேசவில்லை.

போன ஞாயிறு அவனிடம் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், இடது கையால் மெதுவாக. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தான். முடித்துவிட்டு, "இது எப்ப வந்துச்சு?" என்றான்.

"ஏப்ரல்ல."

"ஏப்ரல்லயா?"

"ஆமா."

மறுபடி கூட்டலைப் பார்த்தான். "மச்சான் எம்மேல கோபப்பட்டது நான் இதப் படிச்சேன்னு நெனச்சுதானா?"

ஆமாம் என்றேன். கத்துவான் என்று நினைத்தேன். அக்காவுக்குக் கேட்கும் என்றுகூட நினைத்தேன், அந்த நேரத்தில் அதை நினைத்தேன். அவன் சத்தமே போடவில்லை.

"அஞ்சு மாசமா ஒங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தேனே லொரீன்," என்றான். "நீயும் ஒவ்வொரு தடவையும் பரவால்லன்னு சொன்னியே."

திரும்பிப் பாத்திரம் கழுவத் தொடங்கினான். அன்றிலிருந்து பேச்சில் குறையில்லை. உப்பு எங்கே, கோடிக்கு மருந்து கொடுத்தாயா, எல்லாம் கேட்கிறான். ஸ்பூன் விழுந்தால் குனிந்து எடுக்கிறான். ஒன்றும் சொல்வதில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

லொரீன்

மைல்ஸ் சிட்டி
நவம்பர் 15

அன்புள்ள மாப்பிள்ளை ரஸ்ஸலுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். கை எப்படி இருக்கிறது? குளிர் வந்தால் அடிபட்ட எலும்பு இழுக்கும், கம்பளி உறை போட்டுக்கொள். உன் அக்காவையும் கேட்டதாகச் சொல்.

ஜூனிலிருந்து உன்னை என் மனதில் வைத்துத் திட்டாத நாள் இல்லை. மேடையில் லாரி ஏறும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன். எடை போடுகிறவன் பார்க்காமல் எழுதிய எண் அது. என்னை மன்னித்துக்கொள். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், வழியில் பனி விட்டதும் வருகிறேன். வரும்போது பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பண்ணைத் தேன் கொண்டுவருகிறேன்.

இன்னொன்று. இங்கே எடைமேடை அறையில் வசந்தத்துக்கு ஒரு ஆள் வேண்டும். சீட்டு எழுத வேண்டும், டிரைவர்களோடு சண்டை போட வேண்டும். இடது கையால் எழுதினால் போதும், சண்டைக்குக் கையே வேண்டாம். வருகிறாயா? நீ தனியாக வந்தாலும், எல்லோரோடும் வந்தாலும் வீட்டில் இடமிருக்கிறது. எப்படி வருவது என்பதை நீ முடிவு செய். யாருக்காகவும் அவசரப்படாதே. பதிலை நீயே எழுது, கிறுக்கலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்கிறேன்.

ஜூனிக்கும் கோடிக்கும் முத்தம்.

லொரீனுக்கு இந்தத் தடவை தனியாக எழுதவில்லை. விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான்,
டெல்மர்